ராங்கல்–செயின்ட் எலியாஸ்: எந்தப் பக்கமாக நுழைவது?

ராங்கல்–செயின்ட் எலியாஸ் தேசியப் பூங்காவுக்குப் போவதென்று முடிவு செய்வது எளிது. எந்தப் பக்கமாக நுழைவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அலாஸ்காவின் தென்கிழக்கில், கனடா எல்லையை ஒட்டி, 1.32 கோடி ஏக்கரில் பரந்து கிடக்கும் இந்தப் பூங்கா அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலேயே பெரியது. ஏறக்குறைய 53,000 சதுர கிலோமீட்டர் கொண்ட அதற்குள் சுவிட்சர்லாந்தை வைத்தாலும் இடம் மிஞ்சும். அமெரிக்காவின் மிக உயர்ந்த 16 சிகரங்களில் 9 இங்கேதான் நிற்கின்றன. இவ்வளவு நிலத்துக்குள்ளும் செல்லும் சாலைகள் இரண்டே இரண்டு. இரண்டுமே பெரும்பகுதி சரளைக்கல் சாலைகள். வாயிலும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. காட்டுக்குள் நடந்து சென்று கூடாரம் அடிப்பதற்குக்கூட அனுமதிச்சீட்டு கேட்பவர் யாருமில்லை.

கட்டுப்பாடு இல்லாத இடத்தில் தேர்வை நாமேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. மேற்கிலிருந்து மெக்கார்த்தி என்னும் சிற்றூருக்கு மெக்கார்த்தி சாலையில் காரில் போகலாம். அதே ஊருக்குச் சிறு விமானத்தில் போகலாம். வடக்கிலிருந்து நபெஸ்னா சாலையைப் பிடிக்கலாம். தெற்கே கடல் பக்கமாக யாக்குடாட் விரிகுடாவுக்கு வரலாம். ஒரு வாரத்தில் இவற்றில் இரண்டைச் சேர்த்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்க்கும்போது தோன்றும். மெக்கார்த்தியிலிருந்து நபெஸ்னா சாலை தொடங்கும் ஸ்லானா சிற்றூருக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதும், யாக்குடாட்டுக்கு எந்த ஊரிலிருந்தும் சாலையே இல்லை என்பதும் பிறகுதான் தெரியவரும். ஆகவே ஒன்றைத் தேர்ந்தால் மற்றவற்றை அந்தப் பயணத்துக்கு விட்டுவிட வேண்டும். கையில் எத்தனை இரவுகள் இருக்கின்றன என்பதை முதலில் எண்ணிக்கொள்வது நல்லது. பணக் கணக்கை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஓர் இரவுகூட இல்லாதவர்களுக்கு மட்டும் ஒரு சொல். ரிச்சர்ட்சன் நெடுஞ்சாலையில் காப்பர் சென்டர் என்னும் இடத்தில் பூங்காவின் முதன்மைப் பார்வையாளர் மையம் இருக்கிறது. அங்கே வரைக்கும் தார்ச்சாலை. வானம் தெளிந்த நாளில் டிரம், ராங்கல், பிளாக்பர்ன் ஆகிய மலைகள் வரிசையாகத் தெரியும். 4,317 மீட்டர் உயரமுள்ள ராங்கல் உயிருள்ள எரிமலை. குளிர்ந்த காலைகளில் அதன் உச்சியில் நீராவி எழுவதைச் சிலர் பார்த்துவிடுகிறார்கள். மேகம் இருந்தால் ஒன்றும் தெரியாது. இதைப் பூங்காவை எட்டிப் பார்த்தது என்று சொல்லிக்கொள்ளலாம். போய்வந்தது என்று சொல்ல முடியாது.

பெரும்பாலானோர் எடுக்க வேண்டிய வழி மெக்கார்த்தி சாலை என்பது என் முடிவு. அதற்கான காரணத்தைச் சொல்லுமுன், அந்தச் சாலையின் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர்; ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதில் கடைசி 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர், சிட்டினா சிற்றூரில் தொடங்கும் சரளைக்கல் சாலை. அதற்கு மட்டும் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். கென்னகாட் சுரங்கங்களிலிருந்து கோர்டோவா துறைமுகத்துக்குத் தாமிரத் தாதுவை இறக்குவதற்காக 1911-இல் முடிக்கப்பட்ட இருப்புப்பாதையின் மேட்டின் மீதுதான் இந்தச் சாலை ஓடுகிறது. 1938-இல் சுரங்கங்கள் மூடப்பட்டு ரயிலும் நின்றுபோன பிறகு தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. அவற்றை இறுக்கிப் பிடித்திருந்த ஆணிகள் எல்லாம் அகற்றப்படவில்லை. சாலையைச் சமன்செய்யும் வண்டி ஒவ்வொரு முறை வந்துபோனதும், துருப்பிடித்த பழைய ஆணி ஏதேனும் ஒன்று கல்லோடு கல்லாக மேலே வந்துவிடும். எங்களுக்கு 40-ஆவது மைலுக்குப் பக்கத்தில் பின்சக்கரம் ஒன்று பஞ்சரானது. ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால், வாடகைக்குக் கொடுத்தவர்கள் அதில் காற்றடித்துப் பல மாதங்கள் ஆகியிருக்கும் போலிருந்தது. எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் தம் வண்டியிலிருந்த சிறு பம்பைக் கொடுத்து உதவினார். கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடைக்காத அந்த இடத்தில் அவர் வராமல் போயிருந்தால் அன்றைய இரவு காரிலேயேதான் கழிந்திருக்கும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று சிட்டினாவைத் தாண்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும். பெட்ரோலையும் அங்கேயோ அதற்கு முன்போ நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய இடர் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. அலாஸ்காவில் கார் வாடகைக்குத் தரும் நிறுவனங்களில் பல, சரளைக்கல் சாலைகளில் ஓட்டக்கூடாது என்று எழுதியே வாங்கிக்கொள்கின்றன. மெக்கார்த்தி சாலையைப் பெயர் குறித்து விலக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. மீறினால் காப்பீடு செல்லாது. இந்தச் சாலையை அனுமதிக்கும் சில நிறுவனங்கள் கூடுதல் வாடகை கேட்கும். ஆங்கரேஜ் விமான நிலையத்தில் சாவியை வாங்கும்போது இதைக் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. விமானச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது அது.

இனி அந்தச் சாலை என்ன தருகிறது என்று பார்க்கலாம். சிட்டினாவில் காப்பர் ஆற்றைக் கடக்கும்போதே கரையோரத்தில் மீன்சக்கரங்கள் சுழல்வதைப் பார்க்கலாம். ஆற்றின் ஓட்டமே கம்பிவலைக் கூடைகளைத் தள்ளிச் சுழற்ற, கலங்கல் நீரில் எதிர்நீச்சல் போட்டுவரும் சால்மன் மீன்களைக் கூடை அள்ளிப் பக்கத்துப் பெட்டியில் சரித்துவிடும். 1980-இல் இந்தப் பூங்காவை உருவாக்கிய சட்டம், மண்ணின் மக்களும் கிராமவாசிகளும் பிழைப்புக்காக மீன்பிடிப்பதையும் வேட்டையாடுவதையும் தடுக்கவில்லை. மனிதரை வெளியேற்றிவிட்டு வேலி போட்ட காடல்ல இது என்பது அந்த முதல் மைலிலேயே தெரிந்துவிடுகிறது. 17-ஆவது மைலில் குஸ்குலானா பாலம். 1910-இல் கட்டிய அந்த ஒற்றைவழி இரும்புப் பாலம் ஆற்றுக்கு 72 மீட்டர் மேலே நிற்கிறது. 29-ஆவது மைலில் கிலாஹினா என்னும் பழைய ரயில் மரப்பாலம், பாதி சாய்ந்து, தன்பாட்டில் மட்கிக்கொண்டிருக்கிறது. இறுதியில் கென்னிகாட் ஆற்றங்கரையில் சாலை முடிந்துவிடும். பார்வையாளர்களின் கார் அதற்கு அப்பால் போக வழியில்லை; கட்டணம் கட்டி நிறுத்திவிட்டு, 1997-இல் கட்டிய நடைபாலத்தின் வழியாகப் பெட்டியை உருட்டிக்கொண்டுதான் அக்கரைக்குப் போக வேண்டும். அதற்கு முன்பெல்லாம் கம்பியில் தொங்கும் தொட்டிலில் உட்கார்ந்து, கயிற்றைக் கையால் இழுத்து ஆற்றைக் கடந்தார்களாம். பாலத்துக்கு அப்பால் மெக்கார்த்திக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பழைய சுரங்க ஊரான கென்னகாட்டுக்கு 5 மைல், வேன் ஓடுகிறது.

பெயர்க் குழப்பம் ஒன்றை இங்கேயே தீர்த்துவிடலாம். ராபர்ட் கென்னிகாட் என்ற இயற்கையியலாளரின் பெயரால் பனியாறும் ஆறும் கென்னிகாட் எனப்படுகின்றன. சுரங்க நிறுவனம் எழுத்துப்பிழையாகப் பதிவு செய்துகொண்டதால் ஊரும் சுரங்கமும் கென்னகாட் ஆயின. ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆனால் விடுதி முன்பதிவில் கவனம் தேவை.

கென்னகாட்டில் மலைச்சரிவில் பதினான்கு மாடியாகப் படிந்து நிற்கும் சிவப்பு வண்ணத் தாது ஆலைதான் எல்லாப் படங்களிலும் வருவது. அதன் எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் சாம்பல் நிறக் கல்மேடுகள் கிடக்கின்றன. சுரங்கத்தார் கொட்டிவிட்டுப் போன கழிவு என்றே முதலில் வருகிற எவரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சற்று நேரம் நின்று பார்த்தால், மேடு ஒன்றின் பக்கவாட்டில் கற்கள் சரிந்து, உள்ளே ஈரமாகப் பளபளக்கும் கரும்பனி தெரியும். எங்கோ கல் உருண்டு நீரில் விழும் ஓசை கேட்கும். அத்தனையும் பனியாறு. மேலிருந்து உருட்டிவந்த கற்களையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பனி இன்னும் மிக உயர்ந்து நின்றது என்பதை அன்றைய படங்கள் காட்டுகின்றன. இன்று அதே இடத்தில் நின்றால் கண் கீழே இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் மெக்கார்த்தியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் கென்னகாட்டிலிருந்து வடக்கே 3 கிலோமீட்டர் நடையில் இருக்கிறது. ரூட் பனியாறு என்று பெயர். கற்போர்வை இல்லாத வெண்பனி. மலையேறத் தெரியாத, சாதாரணமாக நடக்கக்கூடிய ஒருவர் தம் காலால் நடந்து போய் ஏறி நிற்கக்கூடியது. காலணியின் அடியில் இரும்பு முட்களை மாட்டிக்கொண்டு காலைத் தட்டையாக ஊன்றினால், நொறுங்கும் ஒலியோடு பிடி கிடைக்கும். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடி போன்ற நீலக்குளங்கள், பனியை அறுத்தோடும் ஓடைகள், அந்த ஓடைகள் சுழன்று விழுந்து மறையும் ஆழ்துளைகள். துளையின் ஓரத்தில் வழிகாட்டி கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால், நீலம் கறுத்துக்கொண்டே போய், அடி தெரிவதில்லை. வடமேற்கே பிளாக்பர்ன் சிகரம், தலைக்கு நேரே சுமார் 2,000 மீட்டர் உயரத்துக்குப் படிப்படியாக அடுக்கி நிற்கும் பனிச்சரிவு. இப்படிப் பனியாற்றின் மீது கால் வைத்து நிற்பதற்கு மெக்கார்த்திக்கு வராத மற்ற இரண்டு வழிகளிலும் இவ்வளவு எளிதான வாய்ப்பில்லை.

வழிகாட்டி தேவையா என்றால், பனியாற்றின் ஓரம் வரை தேவையில்லை. பனிமீது ஏறுவதானால் முதல் முறை தேவை என்பேன். இரும்பு முட்களை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு தாமாகவே ஏறுபவர்களையும் பார்க்கலாம். பனியின் விளிம்பு ஆண்டுதோறும் மாறுகிறது. சென்ற ஆண்டு எழுதப்பட்ட குறிப்பை நம்பி இந்த ஆண்டு ஏற முடியாது. அரைநாள் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம், இந்தப் பயணத்தின் மொத்தச் செலவில் மிக நியாயமான செலவு.

அதே மெக்கார்த்திக்கு விமானத்தில் போவதை எண்ணிப் பார்க்கலாம். சிட்டினாவிலிருந்து சிறு விமானங்கள் பறக்கின்றன. மூன்று மணி நேரக் குலுக்கல் அரைமணி நேரப் பறப்பாகிறது, வாடகை ஒப்பந்தமும் மீறப்படாது. ஆனால் மூட்டையின் எடையில் கண்டிப்பு உண்டு. மேகம் இறங்கினால் விமானம் நின்றுவிடும், அன்றைக்கா மறுநாளா என்று யாராலும் சொல்ல இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மீன்சக்கரமும் குஸ்குலானாவும் இல்லாமல் நேரே தாது ஆலையின் முன் இறங்குகிறவருக்கு, இவ்வளவு தொலைவில் ஏன் ஓர் ஊர் எழுந்தது என்பது விளங்காது. ஆகவே காருக்கு அனுமதி இருந்தால் சாலையில் போங்கள். இல்லாவிட்டால் விமானம் அல்லது கிளென்னாலன் பக்கத்திலிருந்து புறப்படும் வேன்.

இப்படி மிச்சமாகும் பணத்தை வேறொரு பறப்புக்கு வைத்துக்கொள்ளலாம். மெக்கார்த்தி ஓடுதளத்திலிருந்து ஒரு மணி நேர அளவில் மலைகளைச் சுற்றிக்காட்டும் விமானங்கள் உள்ளன. தரையில் நின்று பார்ப்பவர் ஒரு பள்ளத்தாக்கைத்தான் பார்க்கிறார். அடுத்த மலைக்கு அப்பால் இன்னொன்று, அதற்கப்பால் பேக்லி பனிவெளி என்று இது எங்கே முடிகிறது என்பது ஆகாயத்திலிருந்துதான் தெரியும், அல்லது முடியவில்லை என்பது தெரியும். போக்குவரத்துக்காகப் பறப்பதைவிடப் பார்ப்பதற்காகப் பறப்பது மேல். தெளிந்த நாளைப் பார்த்து அன்று காலையிலேயே பேசிக்கொள்ள வசதியாக, மெக்கார்த்தியில் இரண்டு நாள் கைவசம் இருக்க வேண்டும்.

அதே விமானிகள் ஸ்கோலாய் கணவாய் போன்ற இடங்களில் ஆள்களை இறக்கிவிட்டு, குறித்த நாளில் வந்து எடுத்துக்கொள்வதும் உண்டு. பாதை, பலகை, பாலம் எதுவும் இல்லாத காட்டில் ஆற்றைக் காலால் கடக்கத் தெரிந்தவர்களுக்கும், கரடிக்கு எட்டாதபடி உணவைக் காத்துவைக்கத் தெரிந்தவர்களுக்கும் உரியது அது. பனி உருகி ஓடும் ஆறுகள் காலையில் முழங்கால் அளவும் மாலையில் இடுப்பளவும் ஓடும். இதை அனுபவத்தில் அறியாதவர் அந்த வழியை இந்த முறைக்கு விட்டுவிடலாம்.

நபெஸ்னா சாலையைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு, போகிறவர்களும் குறைவு. அதுவே அதன் சிறப்பு. ஸ்லானாவில் தொடங்கி 42 மைல், அதாவது 68 கிலோமீட்டர் போய், முன்பு தங்கச் சுரங்கம் இருந்த இடத்துக்கு அருகே முடிகிறது. இடப்பக்கம் மென்டாஸ்டா மலைகள், வலப்பக்கம் ராங்கல் மலைகள். 4,949 மீட்டர் உயரமுள்ள சான்ஃபோர்டு தலைகாட்டினால் வண்டியை நிறுத்தாமல் இருக்க முடியாது. இந்தச் சாலையில் ஓரிடத்தில் நீர்ப்பிரிமேடு குறுக்கிடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் விழும் மழை காப்பர் ஆறு வழியாக அலாஸ்கா வளைகுடாவுக்குப் போகிறது. அந்தப் பக்கம் விழுவது தனானா, யூக்கான் ஆறுகள் வழியாகப் பெரிங் கடலுக்குப் போகிறது. சாலையைப் பொறுத்தவரை அது சிறு ஏற்றம்தான்; கவனிக்காமலே தாண்டிவிடலாம். 28-ஆவது மைலுக்கு அருகே கென்டெஸ்னி முகாமில் பத்துக் கூடாரங்களுக்கு இடமுண்டு, கட்டணமில்லை. அதைத் தாண்டினால் ஓடைகள் சாலையின் மீதே ஓடும். மழைக்குப் பிறகு அடிப்பாகம் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் வண்டி இல்லாமல் போகக்கூடாது. ஸ்லானா வனக்காவலர் நிலையத்தில் அன்றைய ஓடை நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு புறப்படுவதுதான் முறை. வாடகை ஒப்பந்தச் சிக்கல் இங்கேயும் உண்டு.

இந்தச் சாலையில் தாது ஆலை இல்லை, உணவகத் தெரு இல்லை, தொட்டுப்பார்க்கப் பனியாறும் இல்லை. ஒரே ஓர் இரவு உள்ளவர்கள், சொந்தக் கூடாரம் வைத்திருப்பவர்கள், டோக் வழியாகக் கனடாவுக்குத் தரைவழியில் போகிறவர்கள் ஆகியோருக்கு மெக்கார்த்தியைவிட இது பொருந்தும். மெக்கார்த்திக்கு ஓர் இரவு மட்டும் போய் வருவதென்பது இரண்டு நாளும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான்; அதைவிட நபெஸ்னா சாலையின் பாதியில் ஓர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பது எவ்வளவோ மேல்.

கடல் பக்கம் முற்றிலும் வேறு உலகம். யாக்குடாட் விரிகுடாவின் தலைப்பில், பூங்காவின் தென்கிழக்கு ஓரத்தில், ஹப்பர்ட் பனியாறு கடலைத் தொடுகிறது. 122 கிலோமீட்டர் நீளமுள்ள இது, வட அமெரிக்காவில் கடலில் வந்து முடியும் பனியாறுகளில் பெரியது. உலகெங்கும் பனியாறுகள் பின்வாங்கிக்கொண்டிருக்க, 1895-இல் அளவிடத் தொடங்கியதிலிருந்து இது முன்னேறி வருகிறது; 1986-இலும் 2002-இலும் ரஸ்ஸல் ஃபியோர்டு என்னும் கடற்கழியின் வாயை அடைத்து அதை ஏரியாக்கிவிட்டது, இரண்டு முறையும் சில மாதங்களில் நீர் உடைத்துக்கொண்டு வெளியேறியது. கோடையில் அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கும் உல்லாசக் கப்பல்கள் பல இதன் முன்னால் வந்து சில மணி நேரம் நிற்கின்றன. துப்பாக்கி வெடித்தது போன்ற ஓசை முதலில் கேட்கும்; கண் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் பனிச்சுவரின் ஒரு துண்டு நீரில் சரிந்திருக்கும். முழங்கால் வலியோடு உள்ள அப்பா அம்மாவை அழைத்துப்போவதானால் சரளைக்கல் சாலைகள் இரண்டையும் மறந்துவிட்டு இதையே தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கக்கூடிய பனியாறு இது. ஆனால் கப்பலிலிருந்து இறங்க முடியாது, மிதக்கும் பனிக்கட்டிகள் நெருங்கவிடாத நாளில் தூரத்திலேயே திரும்பிவிடுவதும் நடக்கும்.

யாக்குடாட் ஊருக்கே விமானத்தில் போய் இறங்கி, ஐசி விரிகுடாவில் கயாக் தள்ளுகிறவர்களும் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு முன் அந்த விரிகுடாவே இல்லை. பனி விலகிய இடத்தில் கடல் புகுந்திருக்கிறது. 2015 அக்டோபரில் அங்கே ஒரு மலைச்சரிவு இடிந்து டான் ஃபியோர்டுக்குள் விழுந்தபோது, எழுந்த அலை எதிர்க்கரையில் 193 மீட்டர் உயரம் ஏறியது. கூடாரத்தை எங்கே அடிப்பது என்பதை நன்கு அறிந்த வழிகாட்டி இல்லாமல் அந்தப் பக்கம் போகலாகாது.

மாதத் தேர்விலும் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. மெக்கார்த்தி விடுதிகள் மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான் திறந்திருக்கும். ஜூனில் இரவு என்று ஒன்று வருவதே இல்லை, ஆனால் கொசு மேகம்போல் வரும். ஆகஸ்டில் மழை கூடும். ஜூலையில் போனால், பனியாற்றின் பக்கவாட்டில் தேங்கும் ஹிடன் க்ரீக் ஏரி திடீரென்று பனிக்கு அடியில் வழி திறந்து கென்னிகாட் ஆற்றில் கொட்டும் ஆண்டு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. ஊரார் நடைபாலத்தருகே கூடி, பனிக்கட்டிகள் உருண்டு போவதைத் திருவிழாபோல் பார்ப்பார்கள். எந்த நாள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் ஆகஸ்டு கடைசி வாரம்: கொசு ஒழிந்து, புதர்கள் சிவந்து, விடுதியில் இடமும் கிடைக்கும்.

எனவே மெக்கார்த்திக்கு மூன்று இரவுகள் ஒதுக்க முடிந்தால் மெக்கார்த்தி: ஒரு நாள் ரூட் பனியாறு, ஒரு நாள் விமானச் சுற்றுக்கும் ஆலைக்கும். கென்னகாட்டுக்கு மேலே உள்ள போனன்ஸா சுரங்கம் வரை ஏறக் கால் வலுவிருந்தால், அது மூன்றாவது நாளையும் கேட்கும். போய்வர 9 மைல், 1,150 மீட்டர் ஏற்றம். திரும்பும் நாளில் ஆங்கரேஜிலிருந்து இரவு விமானம் பிடிப்பதாகத் திட்டமிட வேண்டாம். பஞ்சர் ஒட்டும் கடை 96 கிலோமீட்டருக்கும் எங்கேனும் இருக்கும் என்று எண்ணிப் புறப்படவும் வேண்டாம்.